தூங்காத உடம்புக்கு வலி அதிகம்

1. மூன்று மணி அலாரம்

மும்பை மாநகரின் நடுவில் தாராவி இருக்கிறது. நெருக்கமான வீடுகள். குறுகலான சந்துகள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பல தலைமுறைகளுக்கு முன்பே பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. தோல் வேலை, தையல் வேலை, பலகாரம் செய்யும் வேலை என்று பல தொழில்கள் வீட்டுக்குள்ளேயே நடக்கும்.

அவற்றில் ஒன்று இட்லித் தொழில். பெண்கள் விடியும் முன்பே எழுந்து இட்லி அவிப்பார்கள். ஆண்கள் அதைப் பாத்திரத்தில் அடுக்கி, சைக்கிளில் வைத்துத் தெருத்தெருவாக விற்பார்கள். ஹாரன் சத்தம் கேட்டால் "இட்லிக்காரர் வந்துவிட்டார்" என்று மும்பை மக்களுக்குத் தெரியும்.

முத்துலட்சுமிக்கு வயது 42. இருபது ஆண்டுகளாக அவள் இட்லி அவிக்கிறாள். கணவர் மாரியப்பன் விற்கப் போவார். மகன் முருகன் தோல் பை செய்யும் பட்டறையில் வேலை செய்கிறான். மகள் கனகா பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

முத்துலட்சுமியின் ஒரு நாள் இப்படி இருந்தது.

காலை 3 மணி: அலாரம் அடிக்கும். எழுந்து அடுப்புப் பற்ற வைப்பாள்.
காலை 4 மணி: குழாயில் தண்ணீர் வரும். இட்லி வேகும்போதே குடம் குடமாகப் பிடித்து டிரம்மை நிரப்புவாள்.
காலை 6 மணி: சட்னி, சாம்பார் கட்டிக் கொடுப்பாள். மாரியப்பன் கிளம்புவார்.
காலை 7 மணி முதல்: வீட்டுச் சமையல், துணி துவைப்பது, அரிசியும் உளுந்தும் ஊற வைப்பது.
பகல் 12 மணி: மாரியப்பன் திரும்புவார். பெரிய பாத்திரங்களைக் கழுவ வேண்டும்.
மாலை 4 மணி: கடைக்குப் போய்த் தேங்காய், அரிசி வாங்க வேண்டும்.
இரவு 7 மணி: கிரைண்டரில் மாவு ஆட்டுவாள். கழுவி வைக்க 9.30 ஆகும்.
இரவு 11 மணி: முருகன் பட்டறையிலிருந்து வருவான். அவனுக்குச் சோறு போடுவாள்.
இரவு 11.30 மணி: படுப்பாள்.

மறுபடியும் மூன்று மணிக்கு அலாரம் அடிக்கும்.

2. எல்லா இடமும் வலி

முதலில் குடம் தூக்கும்போது மட்டும் இடுப்பு வலித்தது. அது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. பிறகு தோள் வலித்தது. முழங்கால் வலித்தது. தலை வாரக் கையை உயர்த்தினால் வலித்தது. ஒரு நாள் கனகா ஆசையாகக் கையைப் பிடித்தாள். அதுகூட வலித்தது.

"என்னம்மா, லேசாத்தானே தொட்டேன்?" என்றாள் கனகா.

"தெரியலடி. உடம்பெல்லாம் புண்ணா இருக்கு" என்றாள் முத்துலட்சுமி.

தெருமுனை மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கினாள். முதலில் எப்போதாவது ஒன்று. பிறகு தினமும் ஒன்று. பிறகு காலையில் ஒன்று, இரவில் ஒன்று. வயிறு எரிந்தது. பசி எடுக்கவில்லை. மாத்திரை போட்ட நேரம் கொஞ்சம் சும்மா இருந்த வலி, மறுபடியும் வந்தது.

வேலை தடுமாறியது. இரண்டு நாள் இட்லி நேரத்துக்கு வேகவில்லை. வாடிக்கையாளர் வேறு ஆளிடம் வாங்கிவிட்டார்கள்.

ஒரு நாள் இரவு மாரியப்பன் சொன்னார்:

"இப்படியே போனா தொழில் படுத்திரும். கனகாவை நிறுத்திரலாம். பன்னிரண்டு வரைக்கும் படிச்சது போதும். உனக்கு ஒத்தாசையா இருப்பா."

முத்துலட்சுமி பதில் சொல்லவில்லை. அவள் இரண்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். அவளுடைய அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோதுதான் அவளை நிறுத்தினார்கள். 38 வயதில், பக்கத்துச் சந்தில் நடந்த எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்துதான் அவள் மறுபடியும் எழுத்தைக் கண்டாள்.

அன்று இரவு அவளுக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் வலி இன்னும் அதிகமாக இருந்தது.

3. யாரும் கேட்காத கேள்வி

செல்வி அதே தெருவில் இருப்பவள். மாநகராட்சியின் சுகாதாரத் தொண்டர். வீடு வீடாகப் போய்த் தாய்மார்களையும் குழந்தைகளையும் பார்த்துவிட்டு வருவாள். முத்துலட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதை அவள் பார்த்தாள்.

"அக்கா, எத்தனை நாளா இப்படி? கடையில மாத்திரை வாங்கித் தின்னுட்டே இருந்தா ஆகாது. நாளைக்கு என்கூட மருந்தகத்துக்கு வாங்க. அண்ணாச்சியையும் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

மாநகராட்சி மருந்தகத்தில் டாக்டர் அம்மா இருந்தார். மராத்திக்காரர். முத்துலட்சுமிக்கு இந்தி தெரியும். ஆனால் உடம்பு நோவைச் சொல்லத் தமிழ்தான் வந்தது. செல்வி இரண்டு பக்கமும் எடுத்துச் சொன்னாள்.

டாக்டர் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். குனியச் சொன்னார். காலில் பலம் இருக்கிறதா, மரத்துப் போகிறதா என்று பார்த்தார். ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எழுதிக் கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்து முடிவுகள் வந்தன. ரத்தம் கொஞ்சம் குறைவாக இருந்தது. அதற்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். இடுப்பு எலும்பில் வயதுக்கு ஏற்ற சிறு தேய்மானம் மட்டுமே இருந்தது. பெரிய கோளாறு எதுவும் இல்லை.

பிறகு டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்:

"ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?"

முத்துலட்சுமி விரல் விட்டு எண்ணினாள். "மூன்றரை மணி நேரம்" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

மாரியப்பன் இடையில் பேசினார்: "எக்ஸ்ரேயில ஒண்ணும் இல்லைன்னா வலி எப்படி வரும்? அப்போ இது மனசுல நினைச்சுக்கிற வலியா?"

"இல்லை" என்றார் டாக்டர். "வலி உண்மையான வலி. அம்மா பொய் சொல்லவில்லை. அது ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்."

4. வலி எப்படித் தெரிகிறது?

டாக்டர் மேசை மேல் இருந்த சிறிய ரேடியோவைக் காட்டினார்.

"கையில் சூடு படுகிறது. அந்தச் செய்தி நரம்பு வழியாக முதுகுத் தண்டுக்குப் போகிறது. அங்கிருந்து மூளைக்குப் போகிறது. மூளைக்குச் செய்தி போய்ச் சேர்ந்த பிறகுதான் வலி தெரிகிறது.

"மூளை செய்தியைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதில்லை. இந்த ரேடியோவில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ் இருக்கிறது அல்லவா? அதுபோல வலியைக் கூட்டவும் குறைக்கவும் மூளைக்கும் வழி உண்டு. 'இவ்வளவு போதும், சத்தத்தைக் குறை' என்று மூளை கீழே கட்டளை அனுப்பும். உடம்பே வலியைத் தணிக்கும் பொருள்களைச் சுரக்கும். விளையாடும் பிள்ளைக்கு முழங்காலில் அடிபட்டது உடனே தெரிவதில்லை. ஆட்டம் முடிந்த பிறகுதான் வலிக்கும். அதற்கு இதுதான் காரணம்.

"தூக்கம் குறைந்தால் இந்தக் குமிழ் சரியாக வேலை செய்யாது. சிறு வலியும் பெரிய சத்தமாகக் கேட்கும். இடுப்பில் இருக்கும் தேய்மானம் சிறியதுதான். ஆனால் குமிழ் முழுவதும் திருகி வைக்கப்பட்டிருக்கிறது."

முத்துலட்சுமிக்குக் கனகா கையைத் தொட்டது நினைவுக்கு வந்தது.

"தூங்கும்போது உடம்பு வேலை செய்கிறது" என்று டாக்டர் மேலும் சொன்னார். "ஆழ்ந்த தூக்கத்தில் வளர்ச்சிச் சுரப்பு நீர் அதிகமாகச் சுரக்கும். உழைத்துக் களைத்த தசைகள் பழுது பார்க்கப்படும். தூக்கம் தொடர்ந்து குறைந்தால் அந்த வேலை அரைகுறையாக நிற்கும். உடம்பில் அழற்சியை உண்டாக்கும் பொருள்களும் கூடும். அதனாலும் வலி கூடும்."

5. ஆராய்ச்சிகள் சொல்வது

இது ஒரு டாக்டர் மட்டும் சொல்லும் கருத்து அல்ல. பல நாடுகளில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் பெர்க்லி என்ற ஊரில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு அங்கே ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஆரோக்கியமான இளைஞர்களின் காலில் சூட்டைச் சிறிது சிறிதாகக் கூட்டினார்கள். நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு, சுமார் 44 டிகிரி செல்சியஸ் சூட்டில் "வலிக்கிறது" என்றார்கள். ஓர் இரவு முழுவதும் விழித்திருந்த பிறகு, சுமார் 42 டிகிரியிலேயே "வலிக்கிறது" என்றார்கள். அவர்களுடைய மூளையையும் படம் பிடித்துப் பார்த்தார்கள். வலியை உணரும் பகுதி அதிகமாக வேலை செய்தது. வலியைத் தணிக்க உதவும் பகுதிகள் மந்தமாக இருந்தன.

தூங்கும் நேரம் மட்டும் முக்கியம் அல்ல. தூக்கம் தொடர்ச்சியாக இருப்பதும் முக்கியம். 2007ஆம் ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான பெண்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். சிலரை இரவில் அடிக்கடி எழுப்பினார்கள். வேறு சிலரைத் தாமதமாகப் படுக்க வைத்தார்கள். அவர்கள் படுத்த பிறகு யாரும் எழுப்பவில்லை. அடிக்கடி எழுப்பப்பட்டவர்களுக்கே வலியைத் தணிக்கும் உடம்பின் சக்தி குறைந்தது. துண்டு துண்டான தூக்கம் உடம்புக்குப் போதுவதில்லை என்பதை இது காட்டியது.

இன்னொரு செய்தி நம்பிக்கை தருகிறது. 2012ஆம் ஆண்டு டெட்ராய்ட் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பகலில் தூங்கி வழியும் சிலரை நான்கு இரவுகள் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். பிறகு அவர்கள் சூடான பொருளின் மேல் விரலை வைத்துத் தாங்கிய நேரம் 25 சதவீதம் கூடியது. தூக்கம் குறைந்தால் வலி கூடும். தூக்கம் கூடினால் தாங்கும் சக்தி கூடும்.

6. செக்கு மாடு போல

"வலி இருந்தால் தூக்கம் வராது. தூக்கம் வராவிட்டால் வலி கூடும். வலி கூடினால் மறுபடியும் தூக்கம் வராது. செக்கு மாடு போலச் சுற்றிச் சுற்றி வரும்" என்றார் டாக்டர். "எங்காவது ஓர் இடத்தில் இதை நிறுத்த வேண்டும்."

"அப்போ தூக்க மாத்திரை கொடுங்கம்மா" என்றார் மாரியப்பன்.

"அம்மாவுக்குத் தூக்கம் வராத நோய் இல்லை. தூங்க நேரம் இல்லை. நேரத்தை மாத்திரையால் கொடுக்க முடியாது. தூக்க மாத்திரை பழகிப் போகவும் கூடும். வலி மாத்திரையையும் கேட்காமல் தினமும் போடக் கூடாது. வயிற்றில் புண் வரும். சிறுநீரகம் கெடும். ரத்த அழுத்தம் கூடும்."

முத்துலட்சுமியின் வயிற்று எரிச்சலுக்கு டாக்டர் மருந்து எழுதினார். பிறகு கேட்டார்:

"உங்களுக்கு எழுதத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் முத்துலட்சுமி. சற்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நல்லது. ஒரு நோட்டு வாங்குங்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், இடையில் எத்தனை முறை விழித்தீர்கள் என்று தினமும் எழுதுங்கள். காலையில் வலிக்கு ஓர் எண் போடுங்கள். வலியே இல்லை என்றால் 0. தாங்கவே முடியாது என்றால் 10. இரண்டு வாரம் கழித்துக் கொண்டு வாருங்கள்."

7. முத்துலட்சுமியின் நோட்டு

அது ஜனவரி மாதம். கனகாவின் பழைய நோட்டில் மிச்சம் இருந்த தாள்களில் முத்துலட்சுமி எழுதினாள்.

திங்கள்: படுத்தது 11.30. எழுந்தது 3.00. இடையில் விழித்தது 1 முறை. வலி 8.
செவ்வாய்: படுத்தது 11.45. எழுந்தது 3.00. விழித்தது 2 முறை. வலி 8.
புதன்: படுத்தது 12.00. எழுந்தது 3.00. விழித்தது 2 முறை. வலி 9.

பொங்கல் வந்தது. தாராவியில் பொங்கல் பெரிய திருநாள். தெருவில் பானைகள் வரிசையாகப் பொங்கும். இரண்டு நாள் அவர்கள் வியாபாரத்துக்கு விடுமுறை விட்டார்கள்.

முதல் நாள்: படுத்தது 10.00. எழுந்தது 5.30. விழித்தது 1 முறை. வலி 6.
இரண்டாம் நாள்: படுத்தது 9.30. எழுந்தது 6.00. விழிக்கவில்லை. வலி 4.

முத்துலட்சுமி அந்த எண்ணைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். அவள் கையாலேயே எழுதிய எண்.

மாரியப்பனிடம் நோட்டைக் காட்டினாள். "பாருங்க, எட்டு நாலா ஆயிருக்கு" என்றாள்.

மாரியப்பன் பார்த்தார். "அந்த ரெண்டு நாள் குடம் தூக்கல, கிரைண்டர் ஓட்டல. வேலை இல்லாததால குறைஞ்சிருக்கும்" என்றார்.

டாக்டரிடம் போனபோது அதையே சொன்னார். டாக்டர் கோபப்படவில்லை. "சரியான கேள்விதான்" என்றார். "ஓய்வும் காரணமாக இருக்கலாம். அதனால் இப்படிச் செய்து பாருங்கள். இட்லி வேலையை நிறுத்த வேண்டாம். தூங்கும் நேரத்தை மட்டும் கூட்டுங்கள். ஒரு மாதம் எழுதுங்கள். அப்போது நோட்டே பதில் சொல்லும்."

8. வீடு கூடிப் பேசியது

மூன்று மணிக்கு எழுந்திருப்பதை மாற்ற முடியாது. காலை இட்லிக்கு அதுதான் நேரம். ஆகவே படுக்கும் நேரத்தைத்தான் முன்னே கொண்டு வர வேண்டும். ஆனால் இரவு வேலையை யார் செய்வது?

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் உட்கார்ந்தார்கள். செல்வியும் வந்தாள். கனகா ஒரு தாளில் வேலைகளை வரிசையாக எழுதினாள். எதிரே செய்பவர் பெயரை எழுதினாள். பதினொரு வேலைகள் இருந்தன. ஒன்பது வேலைகளுக்கு எதிரே "அம்மா" என்று இருந்தது.

மாரியப்பன் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதியம் சாப்பிட்டுட்டு நான் ரெண்டு மணி நேரம் படுக்கிறேன். நீ எப்பப் படுக்கிறேன்னு நான் பார்த்ததே இல்ல" என்றார்.

முடிவில் இப்படிப் பிரித்துக்கொண்டார்கள்.

மாவு ஆட்டுவது மாலை 5 மணிக்கு. ஆட்டுவதும் கிரைண்டர் கழுவுவதும் மாரியப்பன் பொறுப்பு.
விடியற்காலை தண்ணீர்க் குடம் தூக்குவது முருகன் பொறுப்பு. அவன் தூக்கம் கெடாமல் இருக்கப் பட்டறை முதலாளியிடம் சொல்லி இரவு 9 மணிக்குக் கிளம்பக் கேட்க வேண்டும்.
முருகனுக்குச் சோறு மூடி வைக்கப்படும். அவனே போட்டுச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பான்.
மாலையில் கடைக்குப் போவது கனகா. அரை மணி நேரம்தான். மற்ற நேரம் அவள் படிக்க வேண்டும்.
இரவு 8.30க்குப் பெரிய விளக்கு அணைக்கப்படும். டிவியும் அணைக்கப்படும். கனகா அருகில் உள்ள படிப்பகத்தில் படித்துவிட்டு அண்ணனோடு வருவாள்.

"கனகாவை நிறுத்துற பேச்சு?" என்று முத்துலட்சுமி கேட்டாள்.

"பரீட்சை எழுதட்டும்" என்றார் மாரியப்பன்.

9. தூக்கம் உடனே வரவில்லை

முதல் நாள் இரவு 8.30க்கு முத்துலட்சுமி படுத்தாள். தூக்கம் வரவில்லை. பக்கத்து வீட்டு டிவி கேட்டது. சந்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. படுத்திருப்பதே குற்றம் போல இருந்தது. 11 மணி வரை புரண்டாள்.

செல்வி சொன்னாள்: "அக்கா, இருபது வருசப் பழக்கம் ஒரே நாள்ல மாறாது. 10.45க்குப் படுங்க. மூணு நாள் கழிச்சு 10.30. அப்புறம் 10.15. இப்படிக் கால் மணி நேரமா முன்னாடி வாங்க."

அவள் வேறு சில வழிகளும் சொல்லிக் கொடுத்தாள்.

மதியம் இரண்டு மணிக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். டீயில் உள்ள ஊக்கப் பொருளில் பாதி, சுமார் ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் தங்கியிருக்கும்.

படுக்கும் இடம் இருட்டாக இருக்க வேண்டும். இருட்டில்தான் தூக்கத்துக்கு உதவும் சுரப்பு நீர் நன்றாகச் சுரக்கும். சன்னலுக்குக் கெட்டியான துணி போடலாம். செல்போனைத் தலைமாட்டில் வைக்கக் கூடாது. சத்தம் அதிகமானால் காதின் வாயில் கொஞ்சம் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். ஆழமாகத் திணிக்கக் கூடாது.

தினமும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழ வேண்டும்.

தூக்கம் வராமல் வெகுநேரம் புரண்டால், எழுந்து மங்கலான வெளிச்சத்தில் சற்று உட்கார வேண்டும். கண் சொக்கும்போது மறுபடியும் படுக்க வேண்டும்.

பகலில் அரை மணி நேரம் கண் அயரலாம். மாலையில் தூங்கினால் இரவுத் தூக்கம் கெடும்.

முருகனின் முதலாளி ஒன்பது மணிக்கு விடச் சம்மதிக்கவில்லை. பத்து மணிக்குத்தான் விட்டார். அதனால் குடம் தூக்கும் வேலையை அப்பாவும் மகனும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தார்கள். மாரியப்பன் முதல் நாள் ஆட்டிய மாவில் தண்ணீர் கூடிவிட்டது. இட்லி தட்டையாக வந்தது. வாடிக்கையாளர் கேலி செய்தார்கள். இரண்டாம் வாரம் மாவு சரியாக வந்தது.

10. நோட்டு சொன்ன பதில்

பிப்ரவரி கடைசியில் நோட்டில் இப்படி இருந்தது.

திங்கள்: படுத்தது 9.00. எழுந்தது 3.00. விழித்தது 1 முறை. பகலில் அரை மணி. வலி 5.
செவ்வாய்: படுத்தது 8.45. எழுந்தது 3.00. விழிக்கவில்லை. பகலில் அரை மணி. வலி 4.
புதன்: படுத்தது 9.00. எழுந்தது 3.00. விழித்தது 1 முறை. பகலில் தூங்கவில்லை. வலி 5.

இட்லி வேலை அதேதான். அடுப்பும் அதேதான். குடம் தூக்குவது குறைந்திருந்தது. தூக்கம் மூன்றரை மணியிலிருந்து ஆறு மணி, ஆறரை மணி ஆகியிருந்தது.

வலி முழுவதும் போகவில்லை. குனிந்து பாத்திரம் தூக்கினால் இடுப்பு இன்னும் வலிக்கிறது. டாக்டர் சொல்லிக் கொடுத்த இடுப்புப் பயிற்சியை அவள் தினமும் செய்கிறாள். ஆனால் தோளும் கையும் முன்பு போல் நோகவில்லை. தினமும் போட்ட வலி மாத்திரையை நிறுத்திவிட்டாள். வயிற்று எரிச்சல் தணிந்தது.

டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது" என்றார். பிறகு மாரியப்பனைப் பார்த்தார்.

மாரியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "எக்ஸ்ரேயில தெரியாதது இந்த நோட்டுல தெரியுதும்மா" என்றார்.

அன்று காலைதான் கனகா பொதுத் தேர்வு எழுதப் போயிருந்தாள். போகும்போது அம்மாவின் கையை இறுகப் பிடித்தாள்.

"வலிக்குதாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லடி. போயிட்டு வா" என்றாள் முத்துலட்சுமி.

நினைவில் கொள்வோம்

தூக்கம் குறைந்தால் வலியைத் தாங்கும் சக்தி குறையும்.
எக்ஸ்ரேயில் தெரியாத வலியும் உண்மையான வலிதான். வலி என்று சொல்பவரை நம்ப வேண்டும்.
வளர்ந்தவர்களுக்குத் தினமும் ஏழு மணி நேரமாவது தூக்கம் தேவை. இடையில் கெடாத தூக்கம் தேவை.
டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையோ தூக்க மாத்திரையோ தொடர்ந்து போடக் கூடாது.
வீட்டு வேலையைப் பகிர்ந்தால் எல்லோருக்கும் தூக்கம் கிடைக்கும்.

உடனே டாக்டரிடம் போக வேண்டிய நேரம்

எல்லா வலிக்கும் தூக்கக் குறைவே காரணம் என்று இருந்துவிடக் கூடாது. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

முதுகு வலியோடு கால் பலம் குறைந்தால், அல்லது மரத்துப் போனால்.
சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போனால், அல்லது சிறுநீர் வராமல் நின்றால்.
வலியோடு காய்ச்சல் இருந்தால், அல்லது உடம்பு இளைத்துக்கொண்டே போனால்.
விழுந்து அடிபட்ட பிறகு வலி வந்தால்.
நெஞ்சில் வலி வந்து, கைக்கோ தாடைக்கோ பரவினால்.

பலத்த குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறி விழிப்பவரும் டாக்டரிடம் காட்ட வேண்டும். அவர் எட்டு மணி நேரம் படுத்தாலும் நல்ல தூக்கம் கிடைப்பதில்லை.

பயிற்சி

அ. விடை சொல்லுங்கள்.
1. முத்துலட்சுமி முதலில் எத்தனை மணி நேரம் தூங்கினாள்?
2. வலி மாத்திரையைத் தினமும் போட்டதால் அவளுக்கு என்ன ஆனது?
3. டாக்டர் ரேடியோவைக் காட்டி எதை விளக்கினார்?
4. பொங்கல் நாட்களில் வலி குறைந்ததற்கு மாரியப்பன் சொன்ன காரணம் என்ன? அதைச் சோதிக்க டாக்டர் என்ன வழி சொன்னார்?

ஆ. சேர்ந்து பேசுங்கள்.
1. உங்கள் வீட்டில் கடைசியாகப் படுப்பவர் யார்? முதலில் எழுபவர் யார்?
2. வீட்டு வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். எதிரே செய்பவர் பெயரை எழுதுங்கள். எந்த வேலையை யார் வாங்கிக்கொள்ளலாம்?

இ. எழுதுங்கள்.
ஒரு வாரம் நீங்களும் முத்துலட்சுமி போல ஒரு நோட்டில் எழுதுங்கள். படுத்த நேரம், எழுந்த நேரம், விழித்த முறை, வலியின் எண். வாரக் கடைசியில் படித்துப் பாருங்கள். வலி தொடர்ந்தால் அந்த நோட்டோடு டாக்டரிடம் போங்கள்.